காரணம்: காற்று

பத்தொன்பது வருடம்
கவிழ்ந்த லாரிகளைப் படமாகத்தான் பார்த்தேன்,
பாஹியா பிளாங்காவில், நான்காம் மாடியில்,
சன்னலைத் திறந்தால்
பக்கத்துக் கட்டிடத்தின் ஏ.சி. பெட்டி
முகத்தில் மூச்சுவிடும் ஓர் அறையில்.
வானம் பார்த்த சக்கரங்கள்.
சிதறிய சரக்கு: ஒருமுறை பட்டாணி டின்கள்,
ஒருமுறை ஏதோ பள்ளிக்கூடத்து நாற்காலிகள்
புல்வெளியில் ஆளில்லாமல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தன.

இழப்பீட்டுப் படிவத்தில் காரணம் என்றொரு கட்டம்.
காற்று என்று எழுதியிருப்பார்கள்.
காற்றுக்கு ஏது சாட்சி?
அளவுகோல் வைத்துச் சிவப்பில் அடித்து
மேலே எழுதுவேன்: ஓட்டுநர் கவனக்குறைவு.
கோடு நேராக இருக்கும். அதில் எனக்குக் கர்வம்.

ஒலேகாரியோ பாஸ் என்றொருவர்
கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்:
"அம்மணி, அது தள்ளவில்லை.
அடியில் கைகொடுத்துத் தூக்கியது,
தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல.
அவ்வளவு மெதுவாக."
பின்பக்கம் கணக்கில் வராது.

மனசாட்சி உறுத்தி வேலையை விட்டேன் என்று
சொல்லத்தான் ஆசை. இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை புது நாற்காலிகள் வந்தன.
இபார்ரா குனிந்து, என் உயரத்துக்குத் திருகிச் சரிசெய்து,
"நெலிதா, ஓய்வுபெறும்வரை இனி இதுதான்" என்றார்.
அன்பாக. அன்பாகத்தான்.
சாப்பிட இறங்கியவள்
கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியின் வாசலில் நின்றேன்.
நாற்பத்தாறு வயது.
கண் பரிசோதனையில் கடைசி வரி மட்டும் தப்பு.
மகள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு
தன் நல்ல தெர்மாஸைக் கொடுத்தாள்.

இப்போது பேரிக்காய், இருபத்தைந்து டன்.
மூன்றாம் எண் சாலை, தெற்கே,
வலது பக்கம் முழுக்கக் காற்று.
நேராகப் போக வேண்டுமென்றால்
ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தாக வேண்டும்.
ஐந்து மணி நேரம் சாய்ந்த தோள்
இறங்கிய பிறகும் சாய்ந்தே நடக்கிறது.
மேடு ஒன்று வந்து காற்றை மறைத்தால்
அதுதான் ஆபத்து.
எதிர்க்க ஆளில்லாமல்
வண்டி தானே துள்ளும் சாலையோரத்துக்கு.
(விவாகரத்தான முதல் மாதம் இப்படித்தான் இருந்தது.)

குவானாக்கோக்கள் வேலிக்கு அப்பால் நின்று
எதையோ மென்றபடி
மேலாளர்கள்போலப் பார்க்கின்றன.
பாலையில் தாகத்தால் செத்தவளுக்குச்
சாலையோரம் ஒரு சிறு மாடம்.
போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துப் போகிறார்கள்.
நான் நம்புகிறவள் இல்லை.
ஆனாலும் வைத்தேன், மூடியைச் சற்றே தளர்த்தி,
அவளுக்குத் திறக்கச் சிரமமாயிருக்குமோ என்று.

கராயால்தே தாண்டி, சாயங்காலம்,
எனக்கு முன்னால் ஒரு காலி லாரி.
சத்தமே இல்லை.
வலப்பக்கச் சக்கரங்கள் தரையை மறந்தன.
மெதுவாக.
அவ்வளவு மெதுவாக.
அடியில் ஒரு கை இருந்தது.
பார்த்தேன்.

சன்னல் வழியே ஏறி வெளியே வந்தான் எல்வியோ பிரிட்சர்ட்,
இருபத்துமூன்று வயதிருக்கும்,
காதில் ரத்தம்.
முதலில் அவன் தேடியது ஒற்றைச் செருப்பை.
என் வண்டியின் மறைவில் குந்தி உட்கார்ந்து
ஒரே குழலில் மாறி மாறி மாத்தே குடித்தோம்.
"காற்று என்று எழுதினால் நம்புவார்களா?"
நிறையப் படம் எடு என்றேன்.
பின்பக்கத்தில் எதையும் எழுதிவிடாதே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
தண்ணீர் ஆறிவிட்டது என்று சொன்னேன்.

ரியோ காயேகோஸ் போய்ச் சேர ஆறு மணி நேரம் தாமதம்.
கிடங்கின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்,
நகங்களில் ஊதாப் பூச்சு,
நான் நிரப்பிய கட்டத்தைப் படித்தாள்.
காற்று.
பேனாவை எடுத்தாள்.
அளவுகோல்கூட இல்லை, வெறுங்கையால்
கோணலாக ஒரு கோடு.

கை துறுதுறுத்தது, வாங்கி நேராக்கிக் கொடுக்க.

வெளியே பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பேரிக்காய்கூட நசுங்கவில்லை.